நான்காம் பக்கத்து அட்டவணை

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னச் சந்தில், எவருடைய வாழ்க்கையும் என்னுடைய போட்டோ கொப்பி மெஷினின் கண்ணாடியில் ஒரு தடவையாவது குப்புறப் படுக்காமல் முன்னேறியதில்லை. ஞானஸ்நானச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாடு, விசா மறுத்த கடிதம், எல்லாம் வலன்ரைன் என்கிற என் கையால்தான் இரண்டாகும். கொப்பி எடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. தாள் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? பார்த்தால் நாலு வரி கண்ணில் விழும். நாலு வரி விழுந்தால் மிச்சத்தையும் வாசிப்பதுதான் மரியாதை.

ஒக்டோபரில் ஒரு திங்கட்கிழமை காலை மூன்றாம் இலக்க வீட்டு ஷாமிலா வந்தாள். சின்ன வயதில் என் கடை வாசலில் தடக்கி விழுந்து முன்பல் உடைத்தவள், இப்போது மனநல டொக்டர். கையில் பதினொரு பக்கக் கட்டுரை, வெளிநாட்டு மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்த அவளுடைய சொந்த ஆராய்ச்சி. முப்பது கொப்பி வேண்டுமாம்.

"ஏன் மகள், ஆஸ்பத்திரியில மெஷின் இல்லையா?"

"மெஷின் இருக்கு அங்கிள். பேப்பர்தான் இல்ல."

நாட்டு நிலைமையை இதைவிடச் சுருக்கமாக எவரும் என்னிடம் சொன்னதில்லை. அவள் போன பிறகு முப்பத்தோராவது கொப்பியை எனக்கென்று எடுத்தேன். அது என் பழக்கம். என் ஆங்கிலமும் லேசுப்பட்டதல்ல; இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களுடைய கடிதங்களில் பழகியது.

தலையில் அடிபட்டு, ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்து, 'எல்லாம் நோர்மல்' என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட அறுபத்துநாலு பேரைப் பற்றிய கட்டுரை அது. காயம் ஆறிவிடுகிறது, ஆள்தான் வேறாளாகிவிடுகிறார். சாதுவானவர் ஏசுகிறார், செத்தவீட்டில் சிரிக்கிறார், ஒரு வேலையைத் தொடங்கத் தெரியாமல் காலில் போட வேண்டிய சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் நிற்கிறார். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைதான் மனிதனுடைய பிரேக். அது பழுதானால் உள்ளே ஓடுவதெல்லாம் வாயால் வந்துவிடும். இவர்களை மனநல கிளினிக்குக்குக் கொண்டுவர வீட்டாருக்குச் சராசரியாக இருபத்தொரு மாதம் எடுத்திருக்கிறது. அதுவரை வீட்டார் இதற்கு வைத்திருந்த பெயர் என்ன? நான்காம் பக்கத்தில் ஒரு அட்டவணை. குடி: இருபத்தாறு பேர். செய்வினை: பதினொன்று. திமிர்: ஒன்பது.

'குடி'யில் என் விரல் நின்றுவிட்டது. ஹியூபேட்டை நினைத்தேன்.

எதிர்வீட்டு ஹியூபேட் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கப்பல் சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் கம்பனியில் கிளார்க். கோயில் பாடகர் குழுவில் கீழ்க்குரல். குடையைக்கூடச் சத்தமில்லாமல் மடிக்கிற மனிதர். இந்த வருடம் பெப்ரவரியில் ஓடுகிற பஸ்ஸின் மிதிபலகையில் இருந்து விழுந்து நடைபாதை விளிம்பில் தலை அடிபட்டது. ஈஸ்டர் வருவதற்குள் ஆள் தலைகீழ். பூசையில் ஃபாதரின் பிரசங்கத்துக்கு இடையில் "இதைப் போன வருஷமும் சொன்னீங்க" என்றார். உண்மைதான், ஆனாலும்.

காரணம் எனக்குத் தெரியும் என்று அப்போது நினைத்திருந்தேன். ஏப்ரலில் குப்பை லொறி வரும் நாளில் அவர் வீட்டு வாசல் கேற்றடியில் இரண்டு வெறும் சாராயப் போத்தல் நின்றது. அன்று பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுக்கத் தெரியும். எப்படித் தெரியும் என்று என்னைக் கேட்கக் கூடாது.

ஷாமிலா கொப்பி எடுத்துப் போன மறுநாள், ஹியூபேட்டின் மனைவி இமெல்டா ஒரு கடிதத்தோடு வந்தாள்.

"ஒரு கொப்பி, வலன்ரைன் அண்ணன். வாசிக்காம எடுங்கோ."

"நான் எப்ப வாசிச்சனான்?" கேட்டு முடிப்பதற்குள் கடிதத்தின் இரண்டாம் பந்தியை எட்டிவிட்டேன்.

கம்பனிக் கடிதம். கடமை நேரத்தில் மதுபோதையில் மெனேஜரை அவமதித்த குற்றம். பதினான்கு நாளில் விசாரணை, நிரூபணமானால் பணிநீக்கம். அவமதிப்பு என்னவென்றால், வாடிக்கையாளர் நாலு பேருக்கு முன்னால் ஹியூபேட் "சேர், உங்கட தலைமயிர்ச் சாயம் கழுத்தில வடியுது" என்று சொல்லியிருக்கிறார். சாயம் வடிந்தது மெய்யாம். அதுதான் குற்றத்தின் பாரம்.

மதுபோதை என்ற சொல் அந்தக் கம்பனிக்கு எந்த வழியால் போனது என்று யோசித்தபோது எனக்குக் கொஞ்சம் வியர்த்தது. அங்கே வேலை செய்கிற ஒருவர் என் கடை வாடிக்கையாளர்.

"இமெல்டா, இது குடியில்ல. தலை அடிபட்டதால வந்தது. இந்தா, நாலாம் பக்கத்தைப் பாரும்."

அவள் பார்க்கவில்லை. "அவர் ஒரு சொட்டும் தொடுறேல்ல எண்டு எனக்குத் தெரியாதா? அந்தப் போத்தல் ரெண்டும் தம்பி வீட்டில இருந்து நான் கொண்டு வந்தது. நீங்க கடை திறக்கிற நேரம் பாத்துத்தான் வச்சனான்."

என் தொழிலில் இப்படியொரு அடி நான் வாங்கியதில்லை. செய்தி சேகரிப்பவன் என்று என்னை நினைத்திருந்தேன். இவள் என்னை ஒலிபெருக்கியாக வாடகையில்லாமல் பிடித்திருக்கிறாள்.

"ஏன் அப்பிடிச் செய்தனீர்?"

"எங்கட பிள்ளை டெனிஷாக்குக் கலியாணம் பேசி வருது. வெள்ளவத்தைப் பொடியன், அனுஜன். அவங்கட அப்பா ஏற்கனவே கோயில் வேற, சாமி வேற எண்டு முகத்தைச் சுளிக்கிறார். குடிகாரன்ட மகள எடுப்பாங்க அண்ணன், கொழும்பில குடிக்காத மாமா எத்தின பேர்? மென்டல் கிளினிக்குக்குப் போறவர்ட மகள ஆர் எடுப்பாங்க? ரத்தத்தில வரும் எண்டுவாங்க."

"அப்ப வேலை?"

"போனாப் போகட்டும். பிள்ளைட காரியம் நடந்தாச் சரி." சொல்லிவிட்டுக் கொப்பியை எடுக்காமல் நின்றாள்.

"ரத்தத்தில வாறதுக்கு இது என்ன சீனி வியாதியா? பஸ்ஸில வந்தது. ஏழாம் பக்கத்தில தெளிவா இருக்கு."

எனக்கென்று இன்னொன்று எடுத்து வைத்துக்கொண்டு, முப்பத்தோராவது கொப்பியைக் கம்பனிக் கடிதத்தோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தேன்.

அடுத்த நாள் நான் கதவைத் தூக்கும்போதே டெனிஷா வாசலில் நின்றாள்.

"அங்கிள், அம்மாக்கு முழுசா வாசிச்சுச் சொன்னன். அந்த அட்டவணையில நிப்பாட்டச் சொல்லி அழுதா. பிறகு திட்டினா."

"ஆரை?"

"உங்களைத்தான். பிறகு, மத்தவங்களுக்கு இருபத்தொரு மாசம் போயிருக்கு, எங்களுக்கு எட்டு மாசம்தானே, ஷாமிலாட்டக் கேளும் எண்டு சொன்னா. அனுஜன் வீட்டுக்காரர் என்ன சொன்னாலும் சொல்லட்டுமாம்."

அந்த வாரமே கிளினிக். ஆட்டோவில் இடமிருந்தது என்று நானும் போனேன். இடமில்லாவிட்டாலும் போயிருப்பேன்.

ஷாமிலா நீண்ட படிவமொன்றை எடுத்தாள். விபத்துக்கு முன் எப்படி, பின் எப்படி என்று முப்பது கேள்வி. இமெல்டா எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "முந்தியும் நல்ல மனுசன். இப்பவும் நல்ல மனுசன்."

ஷாமிலா பேனையை வைத்தாள். "வீட்டாக்கள் எல்லாரும் இப்பிடித்தான் அன்ரி, மறைச்சு மறைச்சுப் பழகிட்டாங்க. அதனாலதான் ஆராய்ச்சியில ஒவ்வொருத்தருக்கும் அயலவர் ஒராளைக் கேட்டனான். ஐந்தாம் பக்கத்தில எழுதியிருக்கிறன். அங்கிள், நீங்க வாசிக்கேல்லையா?"

வாசிக்கவில்லை. 'ஆய்வு முறை' என்று தலைப்புப் போட்டால் எவன் வாசிப்பான்?

"அவரையே கேளுங்கோ," என்றார் ஹியூபேட் என்னைக் காட்டி. "என்னை எனக்குத் தெரிஞ்சதவிட அந்த மனுசனுக்குத்தான் தெரியும். வேற வேலையில்ல." பிறகு ஷாமிலாவைப் பார்த்து, "நீங்க சின்னதில மூக்கால கதைக்கிறனீங்க," என்றார்.

"இப்பவும்தான் அங்கிள்," என்று அவள் படிவத்தைத் திருப்பி வைத்தாள். "முந்தி எத்தின தரம் கோபப்பட்டவர்?"

"இருபத்திரண்டு வருஷத்தில ஒருக்கா," என்றேன். "பேக்கரி லொறி அவர்ட குரோட்டன் செடிச் சட்டிய இடிச்சு உடைச்ச அண்டைக்கு. அப்பவும் 'என்ன தம்பி இது' எண்டதோட சரி. விழுந்த பிறகு, மே மாசத்தில மட்டும் பதினாலு தரம். அதில மூண்டு தரம் நியாயமான கோபம்."

முப்பது கேள்விக்கும் திகதியோடு, நேரத்தோடு சொன்னேன். ஷாமிலாவின் பேனை பின்தங்கியது. "அங்கிள், அறுபத்துநாலு பேரில ஒருத்தருக்கும் இப்பிடி ஒரு சாட்சி கிடைக்கேல்ல," என்றாள். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒருவர் என்னைப் பாராட்டி அதை எழுதியும் வைத்தார்.

ஹியூபேட் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "டொக்டர், வாயால போன பிறகுதான் எனக்கே கேக்குது," என்றார் மெதுவாக. "பிடிக்க ஓடுறன். எட்டேல்ல."

இமெல்டா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று அதற்குப் பிறகு அவள் எதையும் மறைக்கவில்லை.

புதிய ஸ்கேனில் நெற்றிக்குப் பின்னால் தழும்பு இருந்தது. விசாரணை நாளில் ஷாமிலாவின் கடிதமும், ஸ்கேனும், என் பதில்கள் நிரம்பிய படிவமும் மெனேஜரின் மேசையில். அவர் படிவத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தாராம். குற்றச்சாட்டு வாபஸ். மூன்று மாத மருத்துவ விடுமுறை, அதன்பிறகு வாடிக்கையாளர் வராத பின்னறையில் அதே வேலை.

குளிசை மருந்தோடு ஷாமிலா ஒரு பயிற்சியும் கொடுத்தாள். ஹியூபேட் பிரேக் இல்லாமல் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவர் தன் காதைத் தொட வேண்டும். அதைக் கண்டதும் அவர் மூச்செடுத்து நிறுத்த வேண்டும். மூன்று வாரத்தில் பத்துக்கு ஏழு தரம் பலித்தது. ஒழுங்கை முழுவதும் காதைத் தொட்டுக்கொண்டு திரிந்தது. ஃபாதர்கூடப் பீடத்தில் நின்றபடி ஒருநாள் தொட்டார்.

"இனி ஆர் விசாரிச்சாலும் உள்ளதைச் சொல்லுங்கோ," என்று இமெல்டா என்னிடம் சொல்லியிருந்தாள். பெண் வீட்டைப் பற்றி மாப்பிள்ளை வீட்டார் எங்கே விசாரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? கடையில்தான்.

ஒரு சனிக்கிழமை, அடையாள அட்டையைக் கொப்பி எடுக்கும் சாக்கில் ஒருவர் வந்தார். தியாகராசா, வெள்ளவத்தை. அனுஜனின் தகப்பன். வெள்ளவத்தையில் கொப்பிக் கடைக்கா பஞ்சம்?

"முன்வீட்டு மனுசன் கொஞ்சம் குடி பாவிக்கிறவர் எண்டு கேள்விப்பட்டன்," என்றார் தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி.

"அது நான் பரப்பின கதை ஐயா, பிழையான கதை," என்றேன். பஸ்ஸில் இருந்து ஸ்கேன் வரை, கிளினிக்கையும் சேர்த்து, ஒன்றுவிடாமல் சொன்னேன். அவருடைய முகம் இறுகிக்கொண்டே போனது. அந்த நேரம் பார்த்து ஹியூபேட் கடைக்குள் வந்தார்.

"ஐயா, உங்கட மீசையில ஒரு பக்கம்..."

நான் காதைத் தொட்டேன். ஹியூபேட் நின்றார், மூச்செடுத்தார். "மன்னிக்கோணும். தலை அடிபட்டது. மருந்து எடுக்கிறன்," என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, நாணத்தோடு சிரித்து, அன்றைய பத்திரிகையை வாங்கிக்கொண்டு போனார்.

தியாகராசா அவர் ரோட்டைக் கடக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது... பழக்கினா வருமோ?"

"நீங்களே பாத்தீங்கதானே."

"எத்தின வருஷம் பிந்தினாலும்?"

"எட்டாம் பக்கத்தில இருக்கு. ஆறு வருஷம் பிந்தி வந்த ஆளும் கொஞ்சம் தேறியிருக்கிறார்."

மனிதர் அடையாள அட்டையை மறந்துவிட்டார். "அந்தக் கட்டுரையில எனக்கும் ஒரு கொப்பி போடுங்கோ. கிளினிக் என்ன நாள் எண்டும் மேல எழுதிவிடுங்கோ." வாங்கி நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்தார். வாசலில் நின்று திரும்பினார். "ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பொம்பிளை வீட்ட வருவம் எண்டு இமெல்டா அம்மாட்டச் சொல்லிவிடுங்கோ. அந்த டொக்டர் பிள்ளையும் அண்டைக்கு நிண்டா நல்லம்."

"சொல்லுறன். கட்டுரை ஆருக்கு ஐயா?"

கேட்காதவர்போல் பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தார். பரவாயில்லை, அவர் வீட்டில் தலை அடிபட்டவர் யாரென்று கண்டுபிடித்துவிடலாம். வெள்ளவத்தையில் எனக்கு இரண்டு கொப்பிக் கடைக்காரரைத் தெரியும்.