நீங்க அடிங்க அண்ணே

1.

“அப்ப அந்தக் கதையில நான் கோல் அடிக்கிறேனா, இல்லையா?”

“இன்னும் எழுதி முடிக்கல.”

“எதுவரைக்கும் எழுதிருக்க?”

“நீ பெனால்டி பாக்ஸுக்குள்ள வந்துட்ட.”

“வந்து?”

“ராமதாஸ் அண்ணனுக்குக் குடுத்துட்ட.”

“அலாமாக்! கதையிலயுமா?”

கேட்டவன் என் அண்ணன் லோகேஸ்வரன். இருபத்தாறு வயது. பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர்மலை எஃப்.சி. கால்பந்துக் குழுவின் முன்கள ஆட்டக்காரன். நான் மோகனா. பல் மருத்துவமனை ஒன்றின் முகப்பில் உட்கார்ந்து, நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கு நடுவில் மொழிபெயர்ப்பு நாவல்கள் படிப்பவள்.

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உத்வேகத்தால் அல்ல, ஒரு பொட்டலம் நாசி லெமாக்கால், அதாவது தேங்காய்ப்பால் சோற்றால். போன வாரம் மதிய இடைவேளையில் அண்ணன் அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். அவித்த முட்டை கூடுதலாக இருந்தது. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

“நீ என்னமோ எழுதிக்கிட்டே இருக்கல்ல. நான் கோல் அடிக்கிற மாதிரி ஒண்ணு எழுதிக் குடு. படிச்சிட்டுப் போறேன்.”

விஷயம் இதுதான். இந்த சீசனில் தண்ணீர்மலை எஃப்.சி. பதினோரு ஆட்டங்கள் ஆடிவிட்டது. ஒரு கோல்கூட அடிக்கவில்லை. வருகிற ஞாயிறு பன்னிரண்டாவது ஆட்டம், அதுவே கடைசி. சீசன் முழுவதும் ஒரு கோலும் அடிக்காத குழுவுக்கு அடுத்த ஆண்டு இடமில்லை என்பது லீக்கின் விதி. வெளியே மூன்று குழுக்கள் வரிசையில் நிற்கின்றன. தோற்றால் பரவாயில்லை, ஒன்பதுக்கு ஒன்று என்று தோற்றாலும் பரவாயில்லை. அந்த ஒன்று வேண்டும்.

என் அண்ணனை வாரத்தில் ஆறு நாள் பேட்ஜ் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஏழாவது நாளையும் இழக்க அவன் தயாராக இல்லை.

2.

முதல் தொடக்கம்:

“தண்ணீர்மலை அடிவாரத்தில் பனி பெய்துகொண்டிருந்தது.”

[அடித்துவிட்டேன். நான் படிக்கும் நாவல்களில் முக்கியமான எதுவும் பனி இல்லாமல் நடப்பதில்லை. யாராவது யாரையாவது பிரிய வேண்டுமென்றால் ஒரு ரயில் நிலையம், அதன் மேல் பனி. பினாங்கில் பனியை ஐஸ் கச்சாங் என்ற துருவிய ஐஸ் கிண்ணத்தில்தான் பார்க்க முடியும். அதன் மேல் சோளம் போட்டிருப்பார்கள். சோகம் நிற்காது.]

இரண்டாவது தொடக்கம்:

“வெறுமை என்பது வலைக்குள் இருப்பதா, வலையைப் பார்த்துக்கொண்டு நிற்பவனின்…”

[இங்கே ஒரு நோயாளி வந்தார். கடைவாய்ப் பல்லில் சொத்தை. அவர் போனபிறகு வாக்கியத்தைப் படித்துப் பார்த்தேன். அவருடைய பல்லைப் போலவே இருந்தது.]

மூன்றாவது தொடக்கம்:

“ராமதாஸ் நல்லவர்.”

இதை வைத்துக்கொள்கிறேன். எல்லாப் பிரச்சினையும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

3.

ராமதாஸ் அண்ணனுக்கு முப்பத்தெட்டு வயது. குழுவின் கேப்டன். என் அண்ணனுக்குப் பக்கத்திலேயே முன்களத்தில் ஆடுபவர். அண்ணனுக்குத் தொழிற்சாலையில் வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர். ஞாயிறு மதியம் எல்லாரையும் வீடு வீடாகப் போய்த் தன் வேனில் ஏற்றிக்கொள்பவரும் அவர்தான். ஆட்டம் முடிந்ததும் பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் மைலோ வாங்கித் தருவதும் அவர்.

இப்போது பெனால்டி பாக்ஸுக்குள் என் அண்ணனிடம் பந்து வருகிறது. எதிரே கோல். பக்கத்தில் ராமதாஸ் அண்ணன். இப்படிப்பட்டவர் நிற்கும்போது எப்படித் தானே அடிப்பது? கொடுத்துவிடுகிறான். அவர் வாங்குகிறார். திரும்பிப் பார்க்கிறார். வளரும் பையன், அவன் அடிக்கட்டுமே. திருப்பிக் கொடுக்கிறார். “நீ அடி தம்பி.” “இல்ல, நீங்க அடிங்க அண்ணே.” அதற்குள் எதிர்க்குழுவின் தடுப்பாட்டக்காரன் வந்து, யாரையும் எதுவும் கேட்காமல், பந்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான்.

கோச் ஹாரிஸ் இதையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்திருக்கிறார். நிபோங் திபாலில் தோட்டத்துப் பையன்களோடு வளர்ந்தவர், தமிழ் நன்றாகவே பேசுவார். பதினோரு ஆட்டங்களில் பாக்ஸுக்குள் நுழைந்தது நாற்பத்து மூன்று தடவை. கோலை நோக்கி அடித்தது நான்கு தடவை. அந்த நான்கில் ஒன்று கால் வழுக்கியதால் நடந்தது.

“நீங்க அட்டாக் பண்ணலலா,” என்றார் ஹாரிஸ். “கல்யாண வீட்டுல பந்தி பரிமாறுறீங்க. நீங்க சாப்பிடுங்க, இல்ல நீங்க சாப்பிடுங்க. எதிர் டீம்காரன் மட்டும் வயிறு நிறைய சாப்பிட்டுப் போறான்.”

இது மைதானத்தோடு நிற்கும் நோய் அல்ல. இந்தத் தைப்பூசத்துக்கு, ஒரு கோலாவது விழவேண்டும் என்று, குழு முழுவதும் சேர்ந்து தேர் வரும் பாதையில் உடைக்க ஒரே ஒரு தேங்காய் வாங்கிவந்தது. ஊரெல்லாம் சாக்குச் சாக்காக உடைத்துக்கொண்டிருக்க, இவர்கள் அந்தத் தேங்காயை வைத்துக்கொண்டு, “அண்ணே நீங்க உடைங்க”, “தம்பி நீ உடை” என்று நின்றார்கள். தேர் போய்விட்டது. முருகன் திரும்பிப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

4.

இந்த இடத்தில் எனக்கு ராமதாஸ் அண்ணன் மேல் சந்தேகம் வந்தது. மனிதராக அல்ல, பாத்திரமாக. இவ்வளவு நல்லவரை வைத்துக்கொண்டு கதை எழுதுவது கஷ்டம். நான் படித்த நாவல்களில் இப்படி ஒருவர் வந்தால் ஐம்பதாம் பக்கத்துக்குள் அவருடைய இழுப்பறையில் ஒரு கடிதம் கிடைக்கும். ராமதாஸ் அண்ணனின் இழுப்பறைக்கு இணையாக அவருடைய வேன்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்ததும் அதன் பின்கதவருகே போய் நின்றேன்.

“அண்ணே, உங்களுக்குக் கோல் அடிக்க ஆசையே இல்லையா?”

“யாரு, எனக்கா? ஆசை இல்லாம எதுக்குமா முன்னுக்கு நின்னு ஆடுறேன்? கோல்கீப்பரா நின்னுருப்பேனே, ஓடவே வேணாம்.”

“அப்ப ஏன் அடிக்க மாட்டேங்கிறீங்க?”

மைலோ பொட்டலத்தின் ரப்பரை அவர் அவிழ்க்கப் பார்த்தார். முடியவில்லை.

“ஒங்கிட்ட சொல்றதுக்கு என்ன. அடிச்சு வெளிய போச்சுன்னு வச்சுக்க, அது ராமதாஸ் அடிச்சது. காலத்துக்கும் சொல்லுவானுங்க. தம்பிகிட்ட குடுத்துட்டேன்னா…” சிரித்தார். “குடுத்தது நல்ல பாஸ்தானேமா?”

வீட்டுக்கு வந்து என் அண்ணனிடம் இதே கேள்வியைக் கேட்டேன். அவன் வேறு ஒருவரைப் பார்த்து எழுதியதுபோல் அதே பதிலைச் சொன்னான். “அண்ணன்கிட்ட குடுத்துட்டா யாரும் என்ன ஏச முடியாதுல்ல.”

ஆக, இது மரியாதை மட்டும் அல்ல. மரியாதைக்குப் பின்னால் இரண்டு பெரிய ஆண்கள் குனிந்து ஒளிந்துகொண்டிருக்கிறார்கள். ஒளிவதற்கு இவ்வளவு வசதியான இடம் வேறு எங்கேயும் கிடைக்காது. அங்கே ஒளிந்தால் ஊரே பாராட்டும்.

[இந்தப் பத்தி கட்டுரைபோல் ஆகிவிட்டது. அப்படியே விட்டுவைக்கிறேன்.]

5.

புதன்கிழமை ஹாரிஸ் ஒரு சட்டம் போட்டார். திடலுக்குள் யாரும் யாரையும் ‘அண்ணே’ என்றோ ‘தம்பி’ என்றோ கூப்பிடக்கூடாது. கூப்பிட்டால் தரையில் கை ஊன்றி இருபது பம்பிங்.

ராமதாஸ் அண்ணன் உடனே எல்லாரையும் கூட்டி, “கேட்டீங்களா, இனிமே யாரும் அண்ணேன்னு கூப்பிடக்கூடாது,” என்றார். முதல் இருபது பம்பிங் அவருக்குத்தான்.

அதன்பிறகு நடந்த பயிற்சி ஆட்டத்தைப்போல் அமைதியான ஆட்டத்தை நான் பார்த்ததே இல்லை. ராமதாஸைப் பெயர் சொல்லிக் கூப்பிட அங்கே யாருக்கும் வாய் வரவில்லை. என் அண்ணன் ஒரு தடவை கையைத் தட்டினான். இன்னொரு தடவை இருமினான். கடைசியில் “ஹலோ!” என்று கத்தினான். நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள், பக்கத்துச் சாலையில் போன ஒருவரும் பைக்கை நிறுத்தினார். அரை மணி நேரத்தில் ஹாரிஸ் சட்டத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

“எனக்கு வேற வழி தெரியலலா,” என்று என்னிடம் சொல்லிவிட்டு நோட்டுப் புத்தகத்தை மூடினார். “நீ எழுதுற கதையில எதாச்சும் பண்ணு.”

6.

பண்ணிப் பார்த்தேன். எழுதுகிறவளுக்கு எல்லா அதிகாரமும் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன்.

முதல் முயற்சி. ராமதாஸ் அண்ணனுக்குக் காய்ச்சல் வரவழைத்தேன். லோகேஸ்வரன் பாக்ஸுக்குள் தனியாக நுழைந்தான், காலை ஓங்கினான், ஓரக்கண்ணால் ஸ்ரீகரன் அண்ணனைப் பார்த்துவிட்டான். அரசாங்க அலுவலகத்தில் கிளார்க், வயது முப்பத்தைந்து. கொடுத்துவிட்டான்.

ஸ்ரீகரன் அண்ணனைக் கோலாலம்பூரில் ஒரு கல்யாணத்துக்கு அனுப்பினேன். அவனைவிட மூத்தவர்கள் இன்னும் இரண்டு பேரையும் அதே கல்யாணத்துக்கு அனுப்பினேன். (பெண் வீட்டார் யாரென்று தயவுசெய்து கேட்காதீர்கள்.) இப்போது திடலில் அவனைவிட மூத்தவர் ஒருவர்தான் மிச்சம்: கோல்கீப்பர் சிவநேசன். அவர் மறுமுனையில் நிற்கிறார். என் அண்ணன் எதிரிகளின் கோலுக்கு ஆறடி முன்னால் நின்றுகொண்டு, பந்தைத் திருப்பி, திடல் முழுவதையும் கடக்கும்படி அவருக்கு உதைத்தான். அவன் வாழ்க்கையிலேயே மிக அருமையான உதை அது.

சிவநேசனையும் நீக்கினேன். ஆறு பேர் ஆகிவிட்டார்கள். ஏழுக்குக் குறைந்தால் ஆட்டம் இல்லை என்று நடுவர் ஃபிக்ரி விசில் ஊதிவிட்டார்.

இரண்டாவது முயற்சி. எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டு, என் அண்ணனை ராமதாஸைவிட இரண்டு வயது மூத்தவனாக்கினேன். பந்து கிடைத்ததும் அவன் பெரிய மனதோடு சொன்னான்: “நீ அடி தம்பி.”

பேனாவை மூடிவைத்தேன்.

7.

மூன்றாவது முயற்சி. இதுதான் கடைசி. வெள்ளிக்கிழமை பிற்பகல் எழுதியது.

ஞாயிற்றுக்கிழமை. எண்பத்தொன்பதாவது நிமிடம். மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றுக்கொண்டிருக்கிறோம். எதிர்க்குழுவின் தடுப்பாட்டக்காரன் கையில் பந்தைப் பட வைத்தேன். ஃபிக்ரி விசில் ஊதுகிறார். பெனால்டி. யாரும் ஓடிவந்து பறிக்க முடியாது. எதிரே கோல்கீப்பர் ஐமான் ஒருவன் மட்டும். இதற்குமேல் ஓர் எழுத்தாளரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

ராமதாஸ் பந்தை எடுக்கிறார். தாம்பூலம் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் என் அண்ணனிடம் நீட்டுகிறார்.

“நீ அடி தம்பி.”

“நீங்க அடிங்க அண்ணே.”

இந்த இடத்துக்கு என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

அ) ராமதாஸ் அடிக்கிறார். கோல். எல்லாரும் அழுகிறார்கள். [என் அண்ணன் நாசி லெமாக் வாங்கித் தந்தது இதற்கல்ல.]

ஆ) லோகேஸ்வரன் அடிக்கிறான். பந்து கம்பத்தில்… [எழுத மனம் வரவில்லை.]

இ) பெனால்டியை நேராக அடித்தே ஆகவேண்டும் என்று விதி இல்லை. முன்னால் தட்டிவிடலாம், கூட்டாளி ஓடிவந்து அடிக்கலாம். [இந்தத் தகவல் தண்ணீர்மலை எஃப்.சி.க்கு ஒருபோதும் தெரியக்கூடாது. வாசகர்கள் ரகசியம் காக்க வேண்டும்.]

இதுவரை எழுதிய காகிதங்களை, (இ)யைக் கிழித்துவிட்டு, அண்ணனிடம் கொடுத்தேன். ஷிப்ட் முடிந்து நேராக என் கவுன்டருக்கு வந்திருந்தான். பல்வலிக்காரர்களுக்கு நடுவில், காத்திருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து படித்தான். தேங்காய் வந்த இடத்தில் சிரித்தான். சிவநேசனுக்கு உதைத்த இடத்தில் வாய்விட்டே சிரித்தான், ஒரு பாட்டி முகத்தைச் சுளித்தார். பிறகு நான்காம் பகுதிக்கு வந்தான். அதை இரண்டு தடவை படித்தான்.

“ராமதாஸ் அண்ணன் நெசமாவே இப்படிச் சொன்னாரா?”

“சொன்னாரு.”

“அவருக்கும் பயமா?”

“உன்னைவிட ஜாஸ்தி.”

அவன் கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். வரிசையில் அடுத்த பெயரை நான் கூப்பிட வேண்டியிருந்தது, கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தபோது அவன் கவுன்டரில் இருந்த பேனாவை எடுத்திருந்தான். கயிறு கட்டிய பேனா, எட்டவில்லை. எழுந்து நின்று, குனிந்து எழுதினான்.

காகிதத்தை என்னிடம் தள்ளிவிட்டு, “பஸ்ஸுக்கு நேரமாச்சு,” என்று போய்விட்டான்.

தான் பேசும் வசனத்தை அவன் ஒரே கோட்டில் அடித்திருந்தான். மேலே வேறொன்று எழுதியிருந்தான். அவன் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், பள்ளியிலிருந்தே அப்படித்தான்.

ராமதாஸ் என்ன பதில் சொல்வார் என்பதை நான் எழுதப்போவதில்லை. எனக்குத் தெரியாது, அவருக்கும் இன்னும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம். நீங்கள் திடலுக்கு வரலாம், அல்லது இங்கேயே, ராமதாஸின் இரண்டு கைகளும் நீண்டிருக்கும் இந்த இடத்தில், அவருக்காக நீங்களே ஒரு பதிலை யோசித்துக்கொள்ளலாம்.

திருத்தப்பட்ட வசனத்தோடு அந்த இடம் இதோ:

“நீ அடி தம்பி.”

லோகேஸ்வரன் பந்தை வாங்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. இந்தத் தடவை அவர் கண்ணைப் பார்த்தான்.

“நீங்க குடுக்குறீங்கன்னு அடிக்கல அண்ணே. வெளிய போனா என் தப்புதான். நானே கேக்குறேன், இத நான் அடிக்கட்டுமா?”