நாலாவது கை

ராணியம்மாளுக்கு வேண்டியிருந்தது நாலே நாலு கைகள். ஏழு பேர் உட்காரும் கூட்டத்தில் நாலு பேர் தர்மபுரிக்குக் கை தூக்கிவிட்டால், கல்லூரிகளின் புதிய விளையாட்டுச் சங்கத்தின் தலைமையிடம் தர்மபுரி. மூன்றோடு நின்றுவிட்டால் கிருஷ்ணகிரி.

எழுபத்து நாலாம் வருஷம் அது. ஏழு கல்லூரிகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தன. வைத்த கையோடு தலைமையிடச் சண்டையையும் தொடங்கிவிட்டார்கள். எங்கள் ஊரில் ரயில் நிற்கிறது என்றார் ஒருவர். எங்கள் ஊரில் பெங்களூர் பஸ்ஸும் நிற்கும், மெட்ராஸ் பஸ்ஸும் நிற்கும் என்றார் இன்னொருவர். ஒரு பெயர்ப்பலகையை எந்தச் சுவரில் மாட்டுவது என்பதற்கு இத்தனை ஆண்பிள்ளைகள் இத்தனை நாள் மல்லுக்கட்டினார்கள்.

தர்மபுரிக் கல்லூரியில் பெண்களுக்கு விளையாட்டு ஆசிரியை ராணியம்மாள். கமிட்டியில் அவள் ஒருத்திதான் பெண். பலகை எந்தச் சுவரில் தொங்கினாலும் அவளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் சங்க விதியில் ஒரு வரி இருந்தது: ஆண்டுப் போட்டி எப்போதும் தலைமையிடத்தில்தான். மூன்று நாள் போட்டி. வெயிலுக்குப் பயந்து காலை ஆறரைக்கே தொடங்கி, மத்தியானம் நிறுத்தி, மறுபடி பொழுது சாயும்வரை நடக்கும். கிருஷ்ணகிரி என்றால் இரண்டு ராத்திரி அங்கே தங்கியாக வேண்டும். அவளிடம் ஓட்டம் பழகிக்கொண்டிருந்தவர்கள் பதினோரு பெண்கள். பதினோரு வீட்டிலும் ஒரே சட்டம்தான்: விளக்கு வைப்பதற்குள் பெண் வீட்டில் இருக்க வேண்டும். கிருஷ்ணகிரி வந்தால் ஒருத்தியும் ஓட மாட்டாள். அவ்வளவுதான் கணக்கு.

அதனால் அவள் பஸ் ஏறி ஓட்டுக் கேட்கப் போனாள். இரண்டு பேர் உடனே சரி என்றார்கள். அவளோடு மூன்று. நாலாவது கைக்குக் காவேரிப்பட்டணத்து மாதேஸ்வரன் வீட்டுக்குப் போனாள். அவர் அங்கே பாலிடெக்னிக்கில் டிரில் மாஸ்டர். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷர். ஆமாம் என்றும் சொல்லத் தெரியாது. பதினோரு பெண்கள் கதையை அவள் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

"நல்ல பதிலா ஒண்ணு சொல்லுங்க சார்."

மாதேஸ்வரன் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே பார்த்தார். அதே நிமிஷம் அவர் மனைவி சென்னம்மாள் தட்டோடு வந்தாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு முழம் கனகாம்பரம். இரண்டு கையாலும் நீட்டினாள்.

ராணியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் பிறந்தது அதியமான்கோட்டை. பெண் பேசினாலும் நிலம் பேசினாலும் வெற்றிலை பாக்கு கை மாறிவிட்டால் அங்கே பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு பின்வாங்கியவன் ஊருக்குள் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. கேட்ட கேள்விக்கு வாயால் சொல்லக் கூச்சப்பட்டு வெற்றிலையால் பதில் சொல்லிவிட்டார் மனுஷர் என்று அவள் நினைத்தாள். நினைத்ததோடு நின்றிருக்கலாம். ஊர் திரும்பியதும் அந்தப் பெண்களின் வீடு வீடாகப் போய், இனிமேல் போட்டி நம்ம ஊரில்தான் என்று சொல்லிவிட்டாள்.

கூட்டத்தில் தலைவர் சவுரியப்பன் தர்மபுரி கேட்பவர்களைக் கையைத் தூக்கச் சொன்னார். ராணியம்மாளின் கைதான் முதலில் எழுந்தது. பிறகு இரண்டு. அவள் மாதேஸ்வரனைப் பார்த்தாள். அவர் இரண்டு கையையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலுக்கு மூன்று. கிருஷ்ணகிரி.

வெளியே வந்ததும் அவள் அவரை மறித்தாள். "வெத்தலை குடுத்தீங்களே சார்?"

அவருக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் முகம் சுருங்கிப்போனது. "அது வூட்டுக்கு வர்ற பொம்பளைங்க எல்லாருக்கும் குடுக்கறதுதானுங்க" என்றார்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அவள் தர்மபுரிவரை அழுதாள். தோற்றதுகூடப் பெரிதில்லை. பதினோரு பெண்களிடம் ஜெயித்தாயிற்று என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மாதேஸ்வரன் வீட்டுக்குப் போய் இதை ஒரு வேடிக்கையாகத்தான் சொல்லியிருக்கிறார். சென்னம்மாள் சிரிக்கவில்லை. தட்டை நீட்டியது அவள் கை. அந்த ஞாயிற்றுக்கிழமையே, புருஷனைக் கேட்காமல், விலாசம் விசாரித்துக்கொண்டு ராணியம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"என் கையால வாங்கிட்டு வந்து நீங்க ஏமாந்துட்டீங்க. அதோட நான் எப்படிச் சோறு திங்கறது? கிருஷ்ணகிரிக்கு எங்க ஊரு பக்கம். பொண்ணுங்க என் வூட்ல தங்கட்டும். வாங்க, வூடு வூடா நானே வந்து கேக்கறேன்."

இருவரும் அன்றைக்கே நடந்தார்கள். துணிக்கடை அப்துல் சுபானின் மனைவி ஜான் பீ, பெண்களோடு யார் படுப்பார்கள், என்ன சமைப்பார்கள் என்று துருவித் துருவிக் கேட்டாள். நானும் என் இரண்டு மகள்களும்தான் கூடப் படுப்போம், சோறும் பருப்பும்தான், எங்கள் வீட்டில் கறி நுழையாது என்றாள் சென்னம்மாள். அது தன் மகள் ஜுபைதாவுக்குத்தான் கஷ்டம் என்று சொல்லி ஜான் பீ சிரித்துவிட்டாள். ஆண்பிள்ளைகள் போய்ச் சொன்னால் நம்பாத வீடெல்லாம், ஒரு குடும்பப் பொம்பளை வந்து உட்கார்ந்து கேட்டதும் இளகின. பொழுது சாய்வதற்குள் பத்து வீடு சரி என்றது.

மிச்சம் அதியமான்கோட்டை கோவிந்தன் வீடு. மகள் தீர்த்தம்மாள் எண்ணூறு மீட்டர் ஓடுகிறவள். பதினொருத்தியில் அவள்தான் கெட்டிக்காரி. கோவிந்தன் மூன்று வருஷமாக ஒரு வெளியூர்ப் போட்டிக்கும் விட்டதில்லை. அந்தப் பிடிவாதத்துக்குப் பயந்துதான் ராணியம்மாள் இந்த வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தாள்.

சென்னம்மாள் சொன்னதையெல்லாம் அவர் மடக்குக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கதவுக்குப் பின்னால் தீர்த்தம்மாள் நிற்பது தெரிந்தது. போச்சு என்று ராணியம்மாள் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"அனுப்பறேனுங்க" என்றார் கோவிந்தன். பிறகு கூச்சத்தோடு சென்னம்மாளிடம் கேட்டார். "இவ ஓடி நான் ஒரு நாளும் பாத்ததில்லீங்க. எவன்கிட்டப் போய் எங்க தங்கறதுன்னு தெரியாமத்தான், நானும் போகல, இவளையும் விடல. எனக்கும் உங்க வூட்டுப் பக்கம் ஒரு எடம் கெடைக்குமுங்களா?"

மூன்று வருஷமாக ராணியம்மாள் இந்த மனுஷனை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். சென்னம்மாள்தான் பதில் சொன்னாள்.

"வூட்டையொட்டி நெல்லடிக்கற களத்துல கட்டில் கெடக்குதுங்க. வாங்க."