கால்களின் நிறம்

கண்ணாடிப் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்த பஞ்சுவை மேடம் கூப்பிட்டனுப்பினார். அருங்காட்சியகத்தில் செத்த பறவைகளையும் பல்லி, பாம்பு வகையறாக்களையும் பாடம் செய்து வைப்பது பஞ்சுவின் வேலை. முப்பது வருஷமாகத் தோலுக்குள் பஞ்சைத் திணித்துத் திணித்து, சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. மேடம் பறவைப் பிரிவுக்குப் பொறுப்பு. இவரைவிட இருபது வயது சின்னவர். ஆனாலும் அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தால், செய்யாத தப்பெல்லாம் ஞாபகத்துக்கு வரும்.

"இந்த லெட்டர் எழுதினவங்க உங்க அக்காவாமே?"

கையெழுத்தைப் பார்த்ததுமே பஞ்சுவுக்குத் தெரிந்துவிட்டது. ஓய்வு வயது தாண்டியும் நீர்த்தேக்கத்தில் தினக்கூலிக்கு மதகுகளைத் திறந்து மூடும் வேலையில் இருக்கிறாள் அக்கா. எழுதியிருந்தது நாலே வரி. காலையில் மூன்றாவது மதகுக்குக் கீழே, உங்கள் டிக்கெட்டில் போட்டிருக்கிற பறவையைப் பார்த்தேன். அதே வளைந்த அலகு, அதே வெள்ளைப் புருவம். கால் மட்டும் மஞ்சள். வந்து பார்க்கவும்.

அந்தப் பறவையை உயிரோடு யாரும் பார்த்துத் தொண்ணூறு வருஷமாகிறது. உலகத்தில் மிச்சமிருப்பது இந்த அருங்காட்சியகத்தில் நிற்கும் ஒன்றும், புத்தக அறையில் இருக்கும் பழைய ஓவியம் ஒன்றும்தான். அதனால்தான் டிக்கெட்டிலேயே அதன் படம். மேடம் எழுந்து அவரைப் பெட்டி வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார்.

"மத்ததெல்லாம் சரியாத்தான் சொல்றாங்க. ஆனா கால பாருங்க, என்ன சிவப்பு! அவங்க பாத்தது வேற ஏதோ. அப்படியே பதில் எழுதிடறேன். வருத்தப்பட மாட்டாங்களே?"

"மாட்டாங்க மேடம்" என்றார் பஞ்சு.

அக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் 'அளப்பு'. எட்டு வயதில், மாடிப்படிக்குக் கீழே ஒரு பல்லி இன்னொரு பல்லியை முழுசாக விழுங்கியதைப் பார்த்தேன் என்று மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னாள். அப்பா, சித்தப்பா, அத்தை என்று ஒருவர் பாக்கியில்லாமல் சிரித்தார்கள். அன்றைக்கு ஒட்டிய பெயர் கல்யாணம் ஆகி அவள் புகுந்த வீடு வரைக்கும் கூடவே போனது. பஞ்சு வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் கழித்து, பாடம் செய்வதற்காக ஒரு பல்லியின் வயிற்றைக் கீறியபோது உள்ளே இன்னொரு பல்லி சுருண்டு கிடந்தது. அவர் அதை வீட்டில் வந்து சொல்லவில்லை. சொல்லாததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. கிண்டல் எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது, அவருக்கும்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் இந்தப் பறவைக் கதையை அக்கா எடுத்தபோது, "உன்னப் பாக்க அது டிக்கெட் வாங்கிட்டு வந்திருக்கும்" என்றார் அத்தான். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது பஞ்சுதான். அக்கா பஞ்சுவின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு பரிமாறினாள். இப்போது நினைத்தால் அந்தக் கரண்டிதான் உறுத்தியது.

மத்தியானம் புத்தக அறைக்குப் போய்ப் பழைய ஓவியத் தொகுதியை இறக்கினார். பறவை செத்தால் இறகின் நிறம் போகாது. காலும் அலகும்தான் காய்ந்த குச்சியாகிவிடும். நிற்க வைக்கும்போது அவற்றுக்கு வண்ணம் பூசியாக வேண்டும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், இழுப்பறையில் மல்லாந்து கிடந்த அந்த ஒற்றைத் தோலை எடுத்துக் கம்பி கட்டி, கண்ணாடிக் கண் வைத்து நிறுத்தியது அவர். காலுக்கு என்ன நிறம் என்று இந்தத் தொகுதியைத்தான் திறந்து பார்த்தார். சிவப்பு. பூசினார். திறப்பு விழாவில் எல்லோரும் அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள்.

பக்கத்தைப் புரட்டியபோது முதலில் வந்தது பாம்பு. வானத்து நீலத்தில் பளபளவென்று சுருண்டிருந்தது. அது அருங்காட்சியகத்தின் பழைய நகைச்சுவை. உண்மையில் அது பச்சைப் பாம்பு. ஸ்பிரிட் ஜாடியில் ஊற ஊற மஞ்சள் கரைந்துபோய் நீலம் மட்டும் தங்கிவிடும். வரைந்த மனிதர் உயிருள்ள பாம்பைக் கண்டதே கிடையாது. ஜாடியில் கண்டதை அப்படியே வரைந்துவிட்டார். அதை நம்பி நீலப் பாம்பைத் தேடிக் காடு காடாக அலைந்தவர்கள் எத்தனையோ பேர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் பஞ்சு இந்தக் கதையை நடித்தே காட்டுவார்.

அடுத்த பக்கத்தில் பறவை. அதே ஓவியர், அதே கையெழுத்து. அறையை விட்டு நகராத அந்த ஆள் இதன் காலை எங்கே போய்ப் பார்த்திருப்பார்? அவர் முன்னால் கிடந்ததும் இதே காய்ந்த தோல்தான். படத்துக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று ஒரு சிவப்பை இழுத்துவிட்டிருப்பார். பாம்புக்காக அவரை ஊரெல்லாம் கேலி செய்துவிட்டு, அடுத்த பக்கத்திலேயே அவரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருக்கிறோம் என்று பஞ்சுவுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. ஓய்வுபெற இன்னும் எட்டு மாதம். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. அக்காவுக்கு மட்டும் ஒரு பதில் போகும், அரசு முத்திரையோடு, நீ அளக்கிறாய் என்று.

மேடம் பதிலை எழுதிக்கொண்டிருந்தார்.

"மேடம், அந்தக் கால் நிறம் நான் அடிச்ச பெயின்ட்."

"தெரியுமே. படத்தப் பாத்துத்தானே அடிச்சீங்க?"

"ஆமா. படம் வரைஞ்சவர் இதே தோலத்தான் பாத்தாரு. நீலப் பாம்பு வரைஞ்ச அதே ஆளு."

மேடம் பேனாவை வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"என் புத்தகத்துல சிவப்புக் கால்னு எழுதியிருக்கேன் பஞ்சு. உங்க பறவையப் பாத்துட்டு."

இருவருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"பெயின்ட்ட எடுத்துடுங்க" என்றார் மேடம் கடைசியில். "நாளைக்கு உங்க அக்காவ வரச் சொல்லுங்க. தண்ணிக்கிட்ட அப்புறமா போவோம். மொதல்ல அவங்க பாத்த நிறம் என்னன்னு பக்கத்துல வச்சுப் பாத்துடலாம்."

மறுநாள் காலை அக்கா வேலை உடுப்போடு, பூட்ஸில் சேறு காயாமல் வந்து நின்றாள். பறவை பெட்டியை விட்டு இறங்கி, சிவப்பு போன கால்களோடு மேஜைமேல் இருந்தது. பஞ்சு எல்லாவற்றையும் சொன்னார். பாம்பைச் சொன்னார், ஓவியரைச் சொன்னார், தன் சிவப்பைச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பல்லியையும் சொன்னார்.

"எப்ப பாத்த அத?"

"பதினஞ்சு வருஷம் இருக்கும்."

"பதினஞ்சு வருஷமா வாய்ல என்னடா பூட்டா?"

குரல் கேலியாகத்தான் வந்தது. ஆனால் கண் நிறைந்துவிட்டது. அவள் திரும்பி ஜாடிகளைப் பார்ப்பது மாதிரி நின்றாள். பஞ்சு மூன்று விதமான மஞ்சளைக் கலக்கிக் காகிதத்தில் தீட்டினார்.

"இது எலுமிச்சம்பழம்" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அவ்வளவு பளிச்சுனு இல்ல. இது கொஞ்சம் கிட்ட வருது. பழுத்த இலை தெரியுமில்ல, உதிர்றதுக்கு முந்தின நாள்? அது."

பஞ்சு துளி பழுப்பைச் சேர்த்தார். அக்கா குனிந்து பார்த்தாள்.

"இதான்டா. இதேதான்."

வலது காலை நிதானமாக, விரல் விரலாகப் பூசி முடித்தார். பறவையைத் திருப்பித் தூரிகையை மறுபடி தோய்த்தபோது அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அத விடு."

"ஏன்?"

"அது ஒத்தக் கால்ல நின்னுட்டு இருந்துச்சு. இன்னொரு கால வயித்துக்குள்ள இழுத்து வச்சிருந்துச்சு."

"அக்கா, ஒரு கால் மஞ்சள்னா இன்னொண்ணும் மஞ்சளாத்தானே இருக்கும்!"

"இருக்கும்" என்றாள் அக்கா. "நான் பாக்கல."

மேடம் எப்போது உள்ளே வந்தார் என்று இருவருக்கும் தெரியாது. வாசலிலேயே நின்றிருந்தார். அக்கா பிடியைத் தளர்த்தவில்லை. மேஜைமேல் பறவை ஒரு பழுத்த மஞ்சள் காலும், ஒரு நிறமில்லாத காலுமாக நின்றது. பஞ்சுவின் தூரிகை நுனியில் வண்ணம் மெல்லக் காய்ந்துகொண்டிருந்தது.