நாற்பத்தெட்டுப் பேரின் தாமதம்

எங்கள் பஸ் தினமும் அரை மணி நேரம் தாமதமாக வரும். அந்தத் தாமதத்தை நாங்கள் முறை வைத்து ஒருவர் வாங்கிக்கொள்வோம்.

எட்டு மணி பஸ் எட்டரைக்கு வரும். அதில் தினம் வேலைக்குப் போகிறவர்கள் நாற்பத்தெட்டுப் பேர். கல்யாணத்துக்குப் போகிறவர்கள், ரேஷன் கார்டில் பெயர் திருத்தப் போகிறவர்கள் எல்லாம் இதில் சேர்த்தி இல்லை. ஆளுக்கு அரை மணி வீதம் மொத்தம் இருபத்து நான்கு மணி நேரம். கல்பாலத்துக்கு முந்தின ஸ்டாப்பில் கண்டக்டர் மைதீன் அண்ணன், "தாமதத்தைக் குடுங்க, தாமதத்தைக் குடுங்க" என்று குரல் கொடுப்பார். டிக்கெட்டுக்குக் காசு கைமாறிப் போகிற மாதிரியே அதுவும் கைமாறி முன்னால் போகும். அவர் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு, டிரைவருக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை சீட்டில் அன்றைய முறைக்காரர் மடியில் வைப்பார். கனம் இருக்காது. இட்லிப் பொட்டலம் மாதிரிக் கொஞ்சம் சூடாக இருக்கும், அவ்வளவுதான்.

பஸ் பாலத்தின் உச்சிக்கு ஏறும்வரை முறைக்காரர் சீட்டில் இருப்பார். உச்சியைத் தாண்டியதும் இருக்க மாட்டார். நேற்றைய முறைக்காரர் அதே இடத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். மற்றவர்கள் எல்லாரும் ஒன்பது மணிக்கு டாண் என்று அவரவர் ஆபீசில் இருப்போம். முறைக்காரருக்கு மட்டும் ஒரு நாள் போய்விடும். அதற்கு முன்கூட்டியே லீவு எழுதிக் கொடுப்போம். வீட்டில் அன்று ராத்திரி ஒரு ஆளுக்குக் குறைத்து உலை வைப்பார்கள். ஒரு வசதி, கையில் கொண்டுபோகிற சாப்பாடு கெடாது. கட்டின சூட்டிலேயே மறுநாள் மதியம் இருக்கும்.

முறை நாளன்று வராமல் ஏமாற்ற முடியாது. பிளைவுட் கடையில் வேலை பார்க்கிற ஒருத்தர் ஒரு தடவை ஷேர் ஆட்டோவில் போனார். ஆட்டோ பாலத்தில் ஏறியது திங்கட்கிழமை, இறங்கியது செவ்வாய்க்கிழமை. கூட உட்கார்ந்திருந்த மூன்று பேருக்கும் வீணாக ஒரு நாள் போயிற்று. அதிலிருந்து யாரும் அந்த வேலை பார்ப்பதில்லை.

என் பெயர் செண்பகவல்லி. நோட்டுப் புத்தகம் செய்கிற கம்பெனியில் வேலை. மெஷினிலிருந்து வருகிற தாளில் கோடு நேராக இருக்கிறதா என்று பார்ப்பேன். ஏழு வருஷமாகப் பார்க்கிறேன். ஏழு வருஷமும் டெம்பரரி. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகிறது. மகள் கோமதி நர்சிங் படிக்கிறாள். சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் மேனேஜர் எங்களை எல்லாம் கூப்பிட்டு நிறுத்தினார். "நாளைக்குக் காலையில ஒன்பதரைக்கு முதலாளி வர்றார். டெம்பரரியில யாரை வச்சுக்கிறது, யாரை அனுப்புறதுன்னு நேர்ல பார்த்து முடிவு பண்ணுவார். இருக்கிற ஆள் இருக்கும். இல்லாத ஆள் இல்லை."

"சார், நாளைக்கு எனக்கு முறை. போன வாரமே லீவு எழுதிக் கொடுத்திட்டேன்" என்றேன்.

"அது உங்க இஷ்டம்மா" என்று சொல்லிவிட்டு அவர் குடையைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

என் இஷ்டமாம். ராத்திரி பூராவும் தூக்கம் இல்லை. காலையில் எலுமிச்சம் சோறு கிளறும்போது கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கோமதிக்குத் தெரியாமல் முந்தானையால் துடைத்துக்கொண்டு டப்பாவைக் கட்டினேன்.

பஸ்ஸில் ஏறியதும் சூசையா சாரிடம் போனேன். அவர் பள்ளிக்கூட லேபில் அசிஸ்டென்ட். பட்டியலில் எனக்கு அடுத்த பெயர் அவருடையதுதான். முறையை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன்.

"மத்த நாள்னா யோசிக்கவே மாட்டேன்மா. இன்னைக்கு மத்தியானம் வீட்ல அவளுக்குக் கண் ஆபரேஷன்" என்றார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்கு மேல் என்ன கேட்க முடியும்? போய் ஒற்றை சீட்டில் உட்கார்ந்தேன். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரையும் மனசுக்குள் திட்டினேன். சூசையா சார் வீட்டம்மாவை மட்டும் திட்டவில்லை. மைதீன் அண்ணன் மஞ்சப்பையைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். "பார்த்துப் போயிட்டு வாங்க செண்பகம்" என்றார். பஸ் பாலத்தில் ஏறியது.

பாலம் இறங்கியபோது புதன்கிழமை. எல்லாரும் வேறு உடுப்பில் இருந்தார்கள். வழக்கமாக அந்த இடத்தில் வருகிற ஹாரன் சத்தம் எதுவும் இல்லை. டீக்கடைகளில் அப்போதுதான் பாய்லரைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் துரைசிங்கம் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் ஓட்டினார்.

"இன்னைக்கு அரை மணி முன்னாடியே வந்திட்டோம்" என்று மைதீன் அண்ணன் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அவருக்கு ரொம்ப மனசு கஷ்டம். ஒண்ணும் கேட்டுக்காதீங்க."

நான் ஒன்றும் கேட்கவில்லை. ஏனென்றால் என் சீட்டுக்குப் பக்கத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான் நின்றுகொண்டிருந்தேன். தீபாவளிக்கு எடுத்த கத்திரிப்பூ நிறச் சேலை. தலையில் கனகாம்பரம். முகத்தைப் பார்த்தேன். ஏழு வருஷமாகக் கண்ணாடியில் பார்க்காத ஒரு தெளிவு அந்த முகத்தில் இருந்தது. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நடந்தது நல்லதுதான் என்று தெரிந்துவிட்டது. வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது.

"கூடையைக் கொஞ்சம் பிடிங்க" என்றாள்.

நிற்கிறவர் பையை உட்கார்ந்திருக்கிறவர் வாங்கி வைத்துக்கொள்வது எந்த பஸ்ஸிலும் உள்ள வழக்கம்தான். டப்பாவைக் காலடியில் வைத்துவிட்டுக் கூடையை வாங்கினேன். பச்சை நிற வயர் கூடை. மடியில் வைத்ததும் பானைத் தண்ணீர் பட்ட மாதிரிக் குளுகுளுவென்று இருந்தது.

சூசையா சார் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "முன்னாடி வந்ததையும் யாராவது ஒருத்தர் வாங்கித்தானேம்மா ஆகணும். இன்னைக்கு முறை என்னோடது. எனக்கு வேண்டாம். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. ஆனா வெளியில பெஞ்சில உட்கார்ந்திருந்தேன் பாருங்க, அந்த ரெண்டு மணி நேரத்தை இன்னொரு தரம் என்னால உட்கார முடியாது. நீங்களே வச்சுக்குங்க."

"இதுல எவ்வளவு இருக்கு?" என்று கேட்டேன்.

"இருபத்து நாலரை மணி நேரம்" என்றார் மைதீன் அண்ணன். "நீங்க ரெண்டு பேரா இருக்கீங்கல்ல. வழக்கமா நேத்து முறைக்காரர் பாலத்துக்கு முன்னாடி பஸ்ஸில இருக்க மாட்டார், நாப்பத்தெட்டுப் பேர்தான். இன்னைக்கு நிக்கிற உங்களையும் சேர்த்து நாப்பத்தொன்பது பேரோடது."

மஞ்சப்பையில் இருபத்து நான்கு மணி நேரத் தாமதம். கூடையில் இருபத்து நாலரை மணி நேரம் முன்னால். அவள் குனிந்து என் காதருகே வந்தாள். இந்தத் தடவை மரியாதை எல்லாம் இல்லை.

"பயப்படாத. எட்டரைக்கே போயிடுவ. கேட் பூட்டியிருக்கும். நகராம அங்கேயே நில்லு."

என் ஸ்டாப் வந்தது. மஞ்சப்பையும் கூடையுமாக இறங்கினேன். செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணி. கையில் இருந்த இரண்டும் காலியாக இருந்தன. சாப்பாட்டு டப்பாவை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன் என்பது அப்புறம்தான் உறைத்தது.

கேட் பூட்டியிருந்தது. நகராமல் அங்கேயே நின்றேன். ஐந்து நிமிஷத்தில் ஒரு கார் வந்தது. ஒன்பதரைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எட்டரைக்கு வந்து பார்ப்பது முதலாளிகளின் குணம். இறங்கி, பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இந்தக் கம்பெனியில இந்நேரத்துக்கு யாரும் வர மாட்டாங்களா?"

"நான் வந்திட்டேங்க."

"என்ன வேலை பார்க்கிறீங்க?"

"கோடு நேரா இருக்கான்னு பார்ப்பேங்க."

அவர் காருக்குள் கையை விட்டு ஒரு நோட்டை எடுத்துப் பிரித்து நீட்டினார். பார்த்தேன். "கீழேர்ந்து மூணாவது கோடு சாய்ஞ்சிருக்குங்க" என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வெயிலுக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆமா" என்றார்.

பத்து மணிக்கு மேனேஜர் படித்த பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. செண்பகவல்லி, நிரந்தரம். மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏழு வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது ஒன்று எழுந்து வெளியே போயிற்று. மதியம் சாப்பாடு இல்லை. ஒரு டீயும் பன்னும் வாங்கிச் சாப்பிட்டேன். அந்த அரைப் பசி கூட எனக்கு அன்றைக்குச் சுகமாக இருந்தது.

சாயங்கால பஸ்ஸில் மைதீன் அண்ணனிடம் வெறும் மஞ்சப்பையை மடித்துக் கொடுத்தேன்.

"காலையில பாலத்துல போனீங்களே" என்றார்.

"வந்திட்டேண்ணே. நாளைக்கு பஸ் ஏழரைக்கே வந்திடும். எல்லார்கிட்டயும் சொல்லணும்."

"சொல்லிடுவோம்" என்று அவர் விசில் ஊதிவிட்டுச் சத்தமாகச் சொன்னார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஒரு அம்மா, அப்படியென்றால் மாவை ராத்திரியே புளிக்க வைத்துவிட வேண்டும் என்றாள். துரைசிங்கம் மட்டும் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி, "நான் அப்படி வர மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாவம்.

வீட்டுக்குப் போய்க் கோமதியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்குக் குறைத்து உலை வைத்திருந்ததால் இருந்த சோற்றை இரண்டு பேரும் பகிர்ந்து சாப்பிட்டோம்.

மறுநாள் காலையில் கத்திரிப்பூ நிறச் சேலையை எடுத்துக் கட்டினேன். கோமதி தலையில் பூ வைத்துவிட்டாள். அடுப்பைப் பார்த்துவிட்டு, "மதியத்துக்கு ஒண்ணும் கட்டலையாம்மா?" என்றாள்.

"பஸ்ஸில இருக்கு" என்றேன்.

ஏழரைக்கு பஸ் வந்தது. ஸ்டாப் ஸ்டாப்பாக எல்லாரும் தயாராக நின்றார்கள். பாலத்துக்கு முந்தின ஸ்டாப்பில் மைதீன் அண்ணன் கையைப் பிசைந்தார். முன்னால் வந்ததைப் போட மஞ்சப்பை சரிப்படாது, அதில் பழைய சூடு ஒட்டியிருக்கும். நான் பச்சைக் கூடையை நீட்டினேன். அது நேற்றைய நானோ இன்றைய நானோ கடையில் வாங்கிய கூடை இல்லை. ஆனால் நல்ல பின்னல். அரை மணி அரை மணியாகக் கைமாறி வந்து கூடை நிறைந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு காலி சீட்டுக்குப் பக்கத்தில் நின்றேன்.

பாலத்தின் உச்சி தாண்டியதும் அவள் அங்கே இருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. டப்பாவை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். முன்தினம் நான் இவ்வளவு பயந்திருந்தேனா என்று எனக்கே பாவமாக இருந்தது. அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் முகத்தை நன்றாகக் காட்டினேன்.

"கூடையைக் கொஞ்சம் பிடிங்க" என்றேன்.

வாங்கிக்கொண்டாள். சூசையா சார் சொல்ல வேண்டியதைச் சொன்னார், மைதீன் அண்ணன் சொல்ல வேண்டியதைச் சொன்னார். நானும் குனிந்து சொன்னேன். ஸ்டாப் வந்ததும் அவள் இறங்கிப் போனாள். எனக்கும் அதே ஸ்டாப்தான். சீட்டுக்கு அடியில் குனிந்து டப்பாவை எடுத்துக்கொண்டு நானும் இறங்கினேன். புதன்கிழமை, ஒன்பது மணி.

மதியம் டப்பாவைத் திறந்தேன். எலுமிச்சம் சோறு ஆவி பறக்க இருந்தது. ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். உப்பே இல்லை. அழுதுகொண்டே கிளறியதில் போட மறந்திருக்கிறேன். பக்கத்து மெஷின் ஆளிடம் ஒரு சிட்டிகை உப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு முழுவதையும் சாப்பிட்டேன்.