தங்கை வீட்டுக் கதவு

மேற்கே நாவிதன்வெளி வயல்களின்மேல் ஞாயிறு சாய, மருதமுனைக் கரையில் வலையிழுத்தோர் களைத்துக் கலைய, அலைகள் மட்டும் இளைப்பு அறியாதனவாய்க் கரையை அரித்துக்கொண்டிருந்த மாலையில், அறிவுசால் நண்பரே, பேராசிரியர் காலிதீன் தம் தங்கை முஸ்பிறாவின் வாயிலில் கால் ஓய்ந்து வந்து நின்றார்.

கடலோர மணல் பெயரும் வழியை ஆய்வதே அவர் துறை. அத்துறையில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லையென்று பல்கலைக்கழகங்கள் கொண்டாடின. ஊராரும் கொண்டாடினர், அன்று நண்பகல் வரை. உடன்பிறந்தாளுக்கு வீடு கட்டிக் கொடுத்த பின்னரே ஆண்மக்கள் தம் வாழ்வை எண்ணும் அக்கரை வழக்கப்படி, தம் முதல் ஊதியங்களையெல்லாம் கொட்டி, கடற்காற்று தாராளமாய் வரட்டுமென்று தாமே இடம் தெரிந்து அவர் எழுப்பிய வீடு அது. அந்நாளில் கடல் தொலைவில் இருந்தது; அவர் கல்வியும் இளமையாய் இருந்தது. இன்றோ கடல் கொல்லைப்புறம் வந்துவிட்டது. முஸ்பிறாவின் மகள் நுஸ்ஹாவுக்கு அவ்வீட்டையே சீதனமாகப் பேசி மணநாளும் குறித்தாயிற்று.

அன்று நண்பகல், கடலைத் தடுக்கக் கரையில் கல்லணை போட அவர் இசைவு ஒன்றே குறை என்று ஊரார் பள்ளிவாசலில் கூடிக் கேட்டபோது, அவர் எழுந்தார்.

“இங்க கல்லப் போட்டா வடக்க போற மண் நிண்டிரும். பெரியநீலாவணை ஆக்கள்ட ஊடுகளக் கடல் கொண்டுபோயிரும். நான் ஓம் எண்டு சொல்லமாட்டன்.”

ஊர் முகம் கொடுக்காமல் கலைந்தது. அச்செய்தி அவருக்கு முன்பே தங்கை வீட்டை அடைந்திருந்தது.

“நம்மட ஊட்டையும் நெனச்சுத்தான் சொன்னீங்களா, காக்கா?” என்று அண்ணனைக் கேட்டாள் முஸ்பிறா.

“ஓம் புள்ள. நெனச்சுத்தான் சொன்னன்.”

அவள் அழுதாள். அழுகை ஓய்ந்ததும், “வார மாரிக்கு இது நிக்குமா?” என்று கேட்டாள். ஒரு பொய் சொல்லிவிட அவர் மனம் ஏங்கியது, அதற்கும் வலுவில்லை.

“நிக்காது.”

உள்ளே சென்றவள் சுத்தியலைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். “அப்ப கதவையாவது கழட்டித் தாங்க. நுஸ்ஹாக்கு எங்கயாச்சும் ஒரு ஊட்டுக்கு உதவும்.”

தம் கையால் அன்று மாட்டிய கதவைத் தம் கையாலேயே கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, அவர் படியில் அமர்ந்தார். வடக்கே பெரியநீலாவணையில் விளக்குகள் ஏற்றப்பட்டன. அவற்றின் கீழ் உண்ண அமர்ந்தோர் இவரை அறியார். கதவற்ற வாயில் வழியே கடற்காற்று தாராளமாய் உள்ளே புகுந்தது, அவர் அன்று விரும்பியவாறே.