முழங்கால் வரை பீரோ

எழுபது வயது கடந்தவர்கள் தங்களுக்குக் கொடுத்த வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் கம்ப்யூட்டரில் ‘இருக்கிறேன்’ என்று அழுத்த வேண்டும். அழுத்தாதவர்கள் வீட்டுச் சாமான் ஆகிவிடுவார்கள். அம்பாசமுத்திரத்தில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

மூன்றாவது வீட்டு நம்பிராஜன் போன வெள்ளிக்கிழமை முக்காலி ஆனார். நல்ல தேக்கு. அவர் மனைவி செல்லத்தாய் தினமும் துடைத்து, யாரும் உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறாள்.

இந்த வெள்ளி ஆவுடையம்மாளின் முறை. மதியம் மூன்று மணிக்கு மகள் மங்கை லேப்டாப்பைத் திறந்து வைத்தபோது அம்மா கணுக்கால் வரை பீரோ ஆகியிருந்தாள். பச்சை பெயிண்ட். தட்டினால் டங்கென்றது.

“வலிக்காம்மா?”

“வலிக்கலட்டி. சில்லுன்னு இருக்கு. இந்த வெயிலுக்கு நல்லாத்தான் இருக்கு.”

மங்கை பஸ் ஸ்டாண்டு பக்கம் டைப்பிங் கடை வைத்திருப்பவள். ஊர்க்காரர்கள் மனுவெல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போகும். அவள் அழுத்தினால் அரை நிமிட வேலை. ஆனால் இந்த விஷயத்தில் அடுத்தவர் விரலுக்குக் கீபோர்டுக் கட்டை இறங்காது. அவளும் அழுத்திப் பார்த்துவிட்டாள். பாறையை அழுத்தியது மாதிரி இருந்தது. என்ன செய்ய, அம்மாவுக்குச் சொல்லித்தான் கொடுத்தாக வேண்டும்.

“எம்மா, இது மௌஸ். பிடி.”

அம்மா பிடித்தாள். திரையில் அம்பு ஓடியது. ஓரத்தில் இறங்கி, மேஜையைக் கடந்து, ஜன்னல் வழியாக முருங்கை மரத்தில் போய் உட்கார்ந்தது.

“ஏட்டி, அத வெரட்டாத. தானா வரும்.”

வந்தது. கால் மணி நேரம் ஆனது.

“பாஸ்வேர்டு என்ன வச்ச?”

“பேரு பதிஞ்ச முகாம்ல வச்சேன். கருப்பட்டி.”

அம்மாவின் ஆள்காட்டி விரல் எழுந்தது. கட்டைகளுக்கு மேல் கொஞ்சம் சுற்றிவிட்டு ஒன்றின் மேல் இறங்கப் போனது.

“அத ஏன் தொடப் போற? நான் சொல்லுதத மட்டும் அடி. மொதல்ல க.”

அம்மா விரலை எடுத்துக்கொண்டாள். மங்கை சொல்லச் சொல்ல அடித்தாள்.

தவறான பாஸ்வேர்டு என்றது திரை. ஹால் இரண்டு முழம் நீண்டது. பச்சை பெயிண்ட் முழங்காலுக்கு ஏறியது.

மறுபடி அடித்தார்கள். மறுபடியும் விரல் அதே இடத்துக்குப் போனது. மங்கை கையைத் தட்டிவிட்டாள். மறுபடியும் தவறு. இப்போது ஹால் நீண்ட நீளத்தில் அடுக்களை அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. அங்கே பால் பொங்குகிற சத்தம் கேட்டது. மங்கை போய் அடுப்பை அணைத்துவிட்டு வர இருபது நிமிடம் பிடித்தது.

வந்தபோது காலண்டர் தொங்கிய இடத்தில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே கழுத்தில் அடையாள அட்டையோடு ஒருவர்.

“பேரு?”

“ஆவுடையம்மாள்,” என்றாள் மங்கை.

“இருக்காங்களா?”

“இருக்காங்க சார். இந்தா உக்காந்திருக்காங்க.”

“அத நீங்க சொல்லக் கூடாது.”

“நான் இருக்கேன் சார்,” என்றாள் அம்மா.

“வாயால சொல்லக் கூடாது.”

“பாஸ்வேர்டு தப்புன்னு வருது சார்,” என்றாள் மங்கை.

“அவங்க வச்சது சரி. நீங்க சொல்றதுதான் தப்பு. எனக்கு டீ நேரம்.”

ஜன்னல் மூடிக்கொண்டது. அதன் மேல் காலண்டர் வந்து தொங்கியது.

நாலே முக்கால். அம்மாவின் இடுப்பில் கைப்பிடி முளைத்திருந்தது. மங்கை வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

“ஒரு வார்த்தைய ஞாபகம் வச்சுக்கத் தெரியல ஒனக்கு.”

அம்மாவுக்குள் எங்கோ ஒரு ஹேங்கர் இன்னொரு ஹேங்கரில் இடித்தது.

அந்தச் சத்தத்தில் மங்கைக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “எனக்கு பீரோ வேண்டாம்மா. வீட்ல ஏற்கனவே ரெண்டு இருக்கு. நீதான் வேணும்.”

“அழாதட்டி. நீ கொஞ்சம் அந்தப் பக்கமாப் போய் உக்காரு. நீ சொல்லச் சொல்ல எனக்குக் கை ஓட மாட்டேங்கு.”

மங்கை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஹாலின் மறுமுனைக்கு நடந்தாள். வெகுதூரம். அங்கிருந்து பார்த்தால் அம்மா சுண்டுவிரல் அளவுதான் தெரிந்தாள். மங்கை தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். அவள் செய்த வேலையிலேயே கஷ்டமானது அதுதான்.

ஒரு கட்டை விழும் சத்தம் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மற்றக் கட்டைகள், ஒவ்வொன்றாக.

‘ஆவுடையம்மாள், இருக்கிறீர்களா?’ என்று கேட்டது திரை.

அம்மா அழுத்தினாள். ஐந்து மணிக்கு ஒரு நிமிடம் இருந்தது.

ஹால் சுருங்கியது. மங்கை நாற்காலியோடு வழுக்கி வந்து அம்மா பக்கத்தில் நின்றாள். பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அம்மா கால் விரல்களை ஆட்டிப் பார்த்தாள்.

“என்னம்மா அடிச்ச?”

“கருப்பட்டிதான்.”

“அதுக்கு முன்னால ஒண்ணு அடிச்சியே?”

“பிள்ளையார் சுழி.”

பலசரக்குச் சீட்டானாலும் மேலே சுழி போட்டுவிட்டுத்தான் அம்மா உப்பு, புளி என்று எழுதுவாள். மங்கை நாற்பது வருஷமாகப் பார்த்திருக்கிறாள்.

“அத ஏம்மா சொல்லல?”

“நீ பாஸ்வேர்டுதானட்டி கேட்ட. அது சுழில்லா. போடப் போனா கையத் தட்டிவிடுத.” அம்மா சேலையில் ஒட்டியிருந்த பெயிண்டைத் தட்டினாள். “முகாம்ல எங்க வயசுக்காரங்க எல்லாரும் போட்டுட்டுத்தான் ஆரம்பிச்சோம். நம்பிராஜன் அண்ணாச்சி ரெண்டு போட்டாக.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாதான் முதலில் எழுந்தாள். லேப்டாப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மூன்றாவது வீட்டுக்கு நடந்தாள். வெள்ளி தாண்டியவர்கள் திரும்ப முடியாது என்று யாரும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

“அவுக பாஸ்வேர்டு எம் பேருதான் மதினி,” என்றாள் செல்லத்தாய். “எம் மவன் சொல்லச் சொல்ல அன்னைக்குப் பூரா அடிச்சாக. தெறக்கல. இப்ப விரலுக்கு எங்க போக?”

“காலு மூணு இருக்குல்லா.”

அம்மா முக்காலியைத் தூக்கினாள். மங்கை வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அம்மா ஒரு காலைப் பார்த்து இறக்கி, கட்டையின் மேல் வைத்தாள். கட்டை இறங்கியது.

இரண்டாவது சுழிக்கு முக்காலி இருமியது.