குழந்தை எழுந்துபோன நாற்காலி

1

அறையில் இருந்தவர்கள்: கோகுல்நாத், மேலாளர். சியாமளா, படங்களுக்கு விவரம் எழுதுபவள். மாதவ், மனிதவளப் பிரிவு. திரையில், இங்கிலாந்திலிருந்து, ஓர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பு அதிகாரியான ஓர் அம்மாள். மூலையில் நான்.

இந்தக் கதை எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த அலுவலகத்தில் அமெரிக்கர்களுக்கான இரவு ஷிப்டில் இருந்தேன். ஒரு நாள் போதும் என்று தோன்றியது, விட்டுவிட்டேன். லேப்டாப்பையும் ஹெட்போனையும் ஒப்படைக்க ஒரு மதியம் புனேயின் விமான் நகரில் இருக்கும் அந்த அலுவலகத்துக்குப் போனேன். வாங்கிக்கொள்ள வேண்டிய மாதவ் ஒரு மீட்டிங்கில் இருந்தார். "பாஞ்ச் மினிட், பைட்டோ", ஐந்து நிமிடம் உட்கார் என்று இந்தியில் சொல்லி மூலையைக் காட்டினார். உட்கார்ந்தேன். அவ்வளவுதான். கதையைத் தேடிப் போகவில்லை.

2

முதல் தொடக்கம்: "முட்டா நதியின் மேல் மேகங்கள் திரண்டிருந்த அந்த..." [வேண்டாம். அறையில் ஜன்னலே இல்லை.]

இரண்டாம் தொடக்கம்: "நானூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் படகுக்காரரின் மகனாக..." [இதுவும் வேண்டாம். ஆனால் தகவல் தேவை, சுருக்கமாகத் தருகிறேன்.]

அந்த நாடகாசிரியரின் பெயரை எழுதமாட்டேன். உங்கள் மனதில் ஒருவர் வந்திருப்பார், அவர் இல்லை. இவர் நான் கற்பனையில் செய்த ஆள். படகுக்காரரின் மகன். லண்டனுக்குப் போய் முப்பது நாடகம் எழுதினார். ஊரில் விட்டுவிட்டுப் போன மகள் ஆறு வயதில் இறந்தபோது அவர் மேடையில் இருந்தார். இன்று அவர் வீடு அருங்காட்சியகம். கைத்தடி, மைக்கூடு, கட்டில், தட்டுகள் என்று அறை அறையாகச் சாமான்கள். அவர் கைப்பட எழுதிய ஒரு வரி மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் நாடகம் என்பது குழுவின் சொத்து. எழுதியவன் பெயர் இல்லாமலே அச்சாகும். உலகப் புகழ் பிறகு வந்தது. சாமான்கள் அதற்கும் பிறகு வந்தன, பெரும்பாலும் ஏலத்தில்.

3

அந்தச் சாமான்களை எல்லாம் படமெடுத்து இணையத்தில் ஏற்றினார்கள். பார்வையில்லாதவர்களுக்குக் கணினி வாசித்துக் காட்ட ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு மூன்று வரி வேண்டும். மெஷின், அதாவது ஏஐ, முதலில் எழுதும். புனேயில், அந்த அலுவலகத்தில், ஒருவர் திருத்துவார். விதி ஒன்றுதான்: படத்தில் தெரிவதை மட்டும் எழுத வேண்டும்.

இறந்த மகளுடையது என்று வைத்திருந்த குழந்தை நாற்காலி ஒன்றுக்கு மெஷின் எழுதியது: "சிறிய மர நாற்காலி, பழுப்பு நிறம்." அதன் கீழே சியாமளா சேர்த்தது: "யாரோ கூப்பிட்டுக் குழந்தை எழுந்துபோயிருக்கிறது. அது போன பக்கமே நாற்காலி இன்னும் திரும்பி நிற்கிறது."

[அவள் எழுதியது ஆங்கிலத்தில். தமிழ் என்னுடையது. அவளுடையது இதைவிட நன்றாக இருந்தது.]

பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவர் அதைக் கேட்டுவிட்டு அந்த வீட்டுக்கே வந்து, நாற்காலி எங்கே, தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாராம். அருங்காட்சியகம் அந்த இரண்டு வரியையும் பெரிய எழுத்தில் சுவரில் போட்டது. கூட்டம் வந்தது. பிறகு மரச்சாமான் நிபுணர் ஒருவர் வந்து பார்த்து, நாடகாசிரியர் இறந்து இருநூறு ஆண்டு கழித்துச் செய்த நாற்காலி இது என்றார். மகள் அதில் உட்கார்ந்திருக்கவே முடியாது.

திரையிலிருந்த அம்மாள் கேட்டது ஒரே கேள்விதான். அந்த வரி எங்கிருந்து வந்தது?

4

சியாமளாவை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. அவள் ஏன் அப்படி எழுதினாள்? இறந்துபோன குழந்தை ஒன்றை அவளுக்குக் கொடுத்துப் பார்த்தேன். மலிவாக இருந்தது, எடுத்துவிட்டேன். யாருக்கும் தெரியாமல் கவிதை எழுதுபவள் என்று... [இல்லை.] கோயம்புத்தூர்க்காரி. இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். எட்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டு வாங்கிய முதல் வேலை, இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. இது போனால் அடுத்த இன்டர்வியூவில் அந்த எட்டு வருடத்தோடு இதையும் விளக்க வேண்டும். அடுத்த இன்டர்வியூ என்று ஒன்று இருக்காது. இவ்வளவு போதும்.

கோகுல்நாத்தும் கோயம்புத்தூர்தான். மைக்கை அணைத்துவிட்டுத் தமிழில் ஆரம்பித்தான். அருங்காட்சியகத்தோடு போட்ட ஒப்பந்தப்படி மெஷின் தப்பு செய்தால் மன்னிப்பு உண்டு. ஆள் இட்டுக்கட்டினால் அந்த ஆளை அனுப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பந்தமே போய்விடும்.

"மெஷின் எழுதுச்சுன்னு சொல்லிருங்க சியாமளா. நீங்க கவனிக்காம விட்டுட்டீங்க, அவ்வளவுதான். ஒரு டிரெயினிங்கைப் போட்டு முடிச்சிருவோம்."

"நான் எழுதுனதுங்க கோகுல்."

"அது எனக்குத் தெரியாதுங்களா? மெஷினுக்கு அப்படி எழுத வந்தா நம்மளை எதுக்கு வெச்சிருக்கான்?"

என்ன பேசுகிறீர்கள் என்று மாதவ் இந்தியில் கேட்டார். சாப்பாட்டைப் பற்றி என்றான் கோகுல். திரையில் அந்த அம்மாள் பொறுமையாகத் தண்ணீர் குடித்தார்.

"சரி, எதுக்குங்க அப்படி எழுதுனீங்க?"

"காலியா இருந்துச்சு" என்றாள். "காலியா இருக்கறதும் படத்துல தெரியறதுதானுங்களே?"

5

முடிவு அ: சியாமளா மைக்கைத் திறந்து உண்மையைச் சொல்கிறாள். அந்த அம்மாள் கண்கலங்கி, சுவரில் அவள் பெயரையும் போடுவதாக... [இதை நம்பும் வாசகர் எனக்கு வேண்டாம்.]

முடிவு ஆ: மெஷின் என்கிறாள். வரியைச் சுவரிலிருந்து எடுக்கிறார்கள். வேலை தங்குகிறது. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு... [நடக்கக்கூடியது. நானும் இதைத்தான் எதிர்பார்த்தேன்.]

நடந்தது வேறு. அவள் வாயைத் திறப்பதற்குள் கோகுலே மைக்கைத் திறந்து, மெஷின் எழுதியது, எங்கள் ஆள் கவனிக்கவில்லை, மன்னிக்கவும் என்று சொல்லிவிட்டான். அவளைக் காப்பாற்றத்தான். கோகுலை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை.

அம்மாளின் முகம் மலர்ந்தது. அப்படியென்றால் வரியை எடுக்கவே வேண்டாம் என்றார். நாற்காலி பிற்காலத்தது என்று ஒப்புக்கொண்டு, இந்த வரிகளை எழுதியது ஒரு மெஷின் என்று கீழே ஒரு பலகை வைத்துவிடலாம். அதைப் பார்க்கவே ஜனங்கள் வருவார்கள். ஒரு மெஷினுக்கு இவ்வளவு தோன்றியிருக்கிறது பாருங்கள் என்று வியந்தார்.

கோகுல் மேசைக்கு அடியில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். வேலை இருக்கிறது, வரி இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது. நல்ல முடிவு என்று நானே ஒரு கணம் நினைத்தேன்.

6

ஒரு நிமிடம் பொறுக்கும்படி அந்த அம்மாளிடம் கேட்டுக்கொண்டு, சியாமளா மைக்கை அணைத்தாள்.

"மூணு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க."

"அதான் முடிஞ்சுபோச்சேங்க."

"உங்களுக்கு முடிஞ்சுதுங்க. நான் அவங்ககிட்டப் பேசோணும்."

"என்ன பேசப் போறீங்க? அதை மட்டும் சொல்லுங்க, போயிடறேன்."

அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

இந்த மாதிரி இடத்தில் கதாசிரியன் உள்ளேயே தங்கிவிடுவது வழக்கம். அவனை யாரும் வெளியே போகச் சொல்வதில்லை. என்னைச் சொன்னாள், எழுந்தேன். அந்த அம்மாளுக்கு நன்றி சொல்லிவிட்டு அவள் தன் இடத்துக்குப் போயிருக்கலாம். தன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லியிருக்கலாம். இரண்டையும் எழுத எனக்கு வரும். இரண்டையும் நன்றாகவே எழுதுவேன். ஆனால் அவள் வார்த்தைகளை இன்னொருவர் பேரில் எழுதும் வேலையை அந்த அறையில் ஏற்கெனவே ஒருவன் செய்துவிட்டான். இன்னொருவன் தேவையில்லை. உங்களுக்கு வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் பெயரைப் போட்டு.

முதலில் மாதவ், பிறகு நான். கோகுல் கடைசியாக, திரையைத் திரும்பிப் பார்த்தபடி வந்தான். அவன் பின்னால் சியாமளா கதவைச் சாத்தி, உள்ளிருந்து பூட்டினாள்.